பெயரடையாக எஞ்சிய சிற்றூர்: ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிராய்த் கால்பந்துச் சங்கத்தின் வரலாறு (1974–1996)

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நடு ஃபிராங்கோனியா வட்டாரத்தில், ஸ்டைகர்வால்ட் காட்டுமேட்டின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் ஃபெஸ்டன்பெர்க்ஸ்கிராய்த். சுற்றுப்புறக் குக்கிராமங்களையும் சேர்த்தே அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 1500தான். ஊரை மட்டும் கணக்கிட்டால் சில நூறு பேர். அக்கம்பக்கத்தார் அதனைச் சுருக்கமாகக் கிராய்த் என்பர். கெண்டை மீன் வளர்க்கும் குளங்களுக்கும் மருந்து மூலிகைகளுக்கும் பெயர்பெற்ற பகுதி அது. இவ்வூரின் டி.எஸ்.வி. என்னும் உடற்பயிற்சி மற்றும் விளையாட்டுச் சங்கம் ஜெர்மன் கால்பந்து வரலாற்றில் ஒரே ஒரு பிற்பகலுக்காக நினைக்கப்படுகிறது. 1994 ஆகஸ்ட் 14 அன்று அது பேயர்ன் மியூனிக் அணியைக் கோப்பைப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. வெற்றி பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தக் கால்பந்து அணியே இல்லாமற்போனது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெற்றியும் மறைவும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகளா, ஒரே போக்கின் இரு கட்டங்களா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சங்கம் என்னும் வடிவம்

ஜெர்மன் சிற்றூர்க் கால்பந்தைப் புரிந்துகொள்ள, ஆட்டத்தை விடச் சங்கம் என்னும் அமைப்பை முதலில் நோக்க வேண்டும். 1900 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பு, ஆதாய நோக்கமற்ற சங்கம் பதிவேட்டில் ஏறித் தனிச் சட்ட ஆளுமை பெற வழிவகுத்தது. பதிவுக்கு ஏழு உறுப்பினர் இருத்தல் வேண்டும். பதிவானதும் சங்கத்தின் பெயரோடு பதிவுபெற்றது என்பதைக் குறிக்கும் சொல் சேரும். உறுப்பினர் கூடிச் செயற்குழுவைத் தேர்வர். பங்குகள் இல்லை, எனவே விற்பதற்கும் வாங்குவதற்கும் ஒன்றும் இல்லை. கோட்பாட்டளவில், சங்கம் அதன் உறுப்பினரின் கூட்டுச் சொத்து. அதே 1900ஆம் ஆண்டு சனவரி 28 அன்று லைப்சிக் நகரில் 86 சங்கங்கள் கூடி ஜெர்மன் கால்பந்துக் கழகத்தை நிறுவின. சட்டமும் கழகமும் ஒரே மாதத்தில் தோன்றியது தற்செயலே. ஆயினும் ஜெர்மன் கால்பந்தின் அடிப்படை இயல்பு இவ்விரண்டின் சேர்க்கையிலிருந்து உருவானது எனலாம்.

சங்கங்கள் கால்பந்துக்காகத் தோன்றியவை அல்ல. ஃபிரீட்ரிக் லுட்விக் யான் 1811இல் பெர்லினில் தொடங்கிய உடற்பயிற்சி இயக்கமே அவற்றின் தாய்வீடு. கால்பந்து அவ்வீட்டிற்குப் பிந்தி வந்த விருந்தாளி. பிரவுன்ஷ்வைக் பள்ளியாசிரியர் கோன்ராட் கோக் 1874இல் மாணவருக்குக் கற்பித்தபோது அதனை ஆங்கிலேயர் ஆட்டம் என்றே பலர் இகழ்ந்தனர். 1898இல் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் கார்ல் பிளாங்க், பந்தைக் காலால் உதைப்பது மனிதத் தன்மைக்கே இழிவு என வாதிட்டு ஒரு சிறுநூல் எழுதினார். 1920களின் நடுவில் உடற்பயிற்சி இயக்கமும் கால்பந்தும் முறைப்படி பிரிந்தன. நாட்சி ஆட்சி தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களைத் தடைசெய்தது. தென் ஜெர்மனியின் முன்னணிச் சங்கங்கள் பல, ஃபூர்த் நகரச் சங்கம் உட்பட, 1933 ஏப்ரலிலேயே யூத உறுப்பினரை நீக்குவதற்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டன. உறுப்பினரின் கூட்டுச் சொத்து என்னும் கொள்கை, யார் உறுப்பினர் என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தின் முன் எவ்வளவு வலுவற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போருக்குப் பின் நேச நாடுகளின் கட்டுப்பாட்டு அவை 1945 டிசம்பரில் வெளியிட்ட 23ஆம் ஆணை அனைத்து விளையாட்டு அமைப்புகளையும் கலைத்தது. இராணுவச் சாயலற்ற உள்ளூர் அமைப்புகள் மட்டும் ஒப்புதல் பெற்றுத் தொடங்கலாம் என்றது. அதன்பின் பல ஊர்களில் பழைய உடற்பயிற்சிச் சங்கமும் கால்பந்துச் சங்கமும் ஒரே கூரையின்கீழ் வந்தன. டி.எஸ்.வி. என்னும் முன்னொட்டு பவேரியச் சிற்றூர்கள் தோறும் காணப்படுவதன் பின்னணியில் இக்கதைக்கும் இடமுண்டு. கிராய்த் சங்கமோ மிகப் பிந்தியது. 1974 பிப்ரவரி 1 அன்றுதான் தோன்றியது. பவேரியாவில் நிர்வாகச் சீரமைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1972இல் எர்லாங்கன், ஹோக்ஸ்டாட் என்னும் இரு மாவட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. சிற்றூர்கள் பல தம் தனி நிர்வாகத்தை இழந்து பெரிய ஊராட்சிகளில் இணைந்தன. ஊரின் பெயரைத் தாங்கி வாரந்தோறும் பொதுவெளியில் நிற்கும் அமைப்பாக விளையாட்டுச் சங்கம் எஞ்சியது. இச்சூழலை மனத்திற்கொண்டால், பெயர் பற்றிப் பின்னர் எழுந்த விவாதத்தின் கனம் விளங்கும்.

ஏறிய ஊரும் இறங்கிய நகரும்

கிராய்த்தின் கதையைத் தனியே சொல்ல இயலாது. அதன் தென்கிழக்கே, நாற்பது கிலோமீட்டருக்குள், ஃபூர்த் நகரம் உள்ளது. 1903இல் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றின் பிரிவாகத் தொடங்கி மூன்று ஆண்டுகளில் தனித்து வந்த ஃபூர்த் கால்பந்துச் சங்கம், ஜெர்மனியின் பழம்பெருமை மிக்கவற்றுள் ஒன்று. மூவிலைக் க்ளோவர் அதன் சின்னம். ஆங்கிலேயப் பயிற்சியாளர் வில்லியம் டவுன்லியின் வழிகாட்டலில் 1914இல் மாக்டபூர்க்கில் நடந்த இறுதியாட்டத்தில் லைப்சிக் அணியை 3–2 எனக் கூடுதல் நேரத்தில் வென்று முதன்முறை தேசிய வாகை சூடியது. 1926இலும் 1929இலும் மீண்டும் வென்றது. 1924இல் நெதர்லாந்துக்கு எதிராக ஆடிய ஜெர்மன் தேசிய அணியில் ஃபூர்த், நூரன்பெர்க் ஆகிய இரு சங்கங்களின் ஆட்டக்காரர் மட்டுமே இருந்தனர். அவ்விரு தரப்பினரும் ஒரே தொடர்வண்டியில் தனித்தனிப் பெட்டிகளில் பயணம் செய்தனர் என்பது அவ்வட்டாரம் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி.

இப்பெருமை நெடுநாள் நிற்கவில்லை. 1963இல் 16 சங்கங்களுடன் பூண்டஸ்லிகா தொடங்கியபோது ஃபூர்த்துக்கு இடம் கிடைக்கவில்லை. 1974இல் இரண்டாம் பூண்டஸ்லிகா அமைக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. 1983இல் அதிலிருந்தும் இறங்கி பவேரியாவின் அமெச்சூர் மேல்நிலை லீக்கிற்கு வந்தது. 1987இல் அங்கிருந்தும் வீழ்ந்து மாநில லீக்கில் நான்கு ஆண்டுகள் கழித்தது. நான்காம் நிலையில் ஆடிய அதே காலத்தில், 1990இல், கோப்பைப் போட்டியில் போருசியா டார்ட்முண்ட் அணியை 3–1 என வீழ்த்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய நினைவு முற்றிலும் அணைந்துவிடவில்லை.

கிராய்த் இதற்கு நேர் எதிர்த்திசையில் நகர்ந்தது. ஃபூர்த் இரண்டாம் பூண்டஸ்லிகாவில் நுழைந்த 1974இல் பிறந்த அச்சங்கம், ஃபூர்த் பவேரிய லீக்கை விட்டு இறங்கிய அதே 1987இல் அந்த லீக்கினுள் ஏறி வந்தது. பதின்மூன்றே ஆண்டுகளில் அடித்தட்டிலிருந்து அமெச்சூர் கால்பந்தின் உச்சிப் படிக்கு ஒரு சிற்றூர் எவ்வாறு வந்தது? விடை ஊரின் ஒரே பெரிய தொழிலகத்தில் உள்ளது. 1930இல் தொடங்கப்பட்ட மார்ட்டின் பவர் என்னும் மூலிகைத் தேநீர் நிறுவனம், வட்டாரத்தில் விளைந்த பெப்பர்மின்ட் முதலியவற்றை உலர்த்தி விற்பதில் தொடங்கிப் பன்னாட்டு அளவில் தேநீர், மருந்து நிறுவனங்களுக்கு மூலப்பொருள் வழங்கும் நிலைக்கு வளர்ந்தது. அந்நிறுவன நிர்வாகத்தில் இருந்த ஹெல்முட் ஹாக் சங்கத்தின் தலைமையையும் ஏற்றார். நிறுவனத்தின் ஆதரவு திடலாயிற்று, பயிற்சியாளராயிற்று, வெளியூர் ஆட்டக்காரருக்கு வேலையும் வருவாயும் ஆயிற்று.

இங்கு அமெச்சூர் என்னும் சொல்லைச் சற்று உன்னிப்பாகப் பார்த்தல் நலம். தென் ஜெர்மனியில் 1940களின் இறுதியிலேயே ஒப்பந்த ஆட்டக்காரர் முறை வந்துவிட்டது. அதற்குப் பின் அமெச்சூர் என்பது ஊதியம் பெறாதவர் என்ற பொருளைப் படிப்படியாக இழந்து, முதலிரு தொழில்முறை லீக்குகளுக்குக் கீழே ஆடுபவர் என்னும் நிர்வாகப் பொருளைப் பெற்றது. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, மாத இறுதியில் ஒரு தொகை என்பது மேல்நிலை அமெச்சூர் லீக்கின் வழக்கமான வாழ்க்கை. வேலை தருபவரும் சங்கத்தைத் தாங்குபவரும் ஒருவரே ஆகும்போது உறுப்பினர் கூட்டத்தின் வாக்கு என்னவாகிறது என்னும் கேள்வியைச் சட்டம் எழுப்புவதில்லை. ஆலையின் நிழலில் வளர்ந்த சங்கங்கள் ஜெர்மனிக்குப் புதியவை அல்ல. லெவர்குசன் ஒரு மருந்து நிறுவனத்தின் பெயரையே தாங்கியது, வோல்ஃப்ஸ்பூர்க் ஒரு கார் நிறுவனத்தின் நகரில் பிறந்தது. ஆனால் அவை நகரங்கள். பார்வையாளர் வரிசையை நிரப்பக்கூட ஆளில்லாத ஊரில் இது நிகழ்ந்ததே கிராய்த்தின் தனித்தன்மை. அதன் வலுவின்மையும் அதுவே.

1994 ஆகஸ்ட் 14

ஜெர்மன் கோப்பைப் போட்டியின் விதிப்படி, தொழில்முறைச் சங்கத்தோடு மோதும் அமெச்சூர் சங்கத்துக்கு உள்ளூர்த் திடல் உரிமை உண்டு. சிற்றூர்களில் நிகழ்ந்த அதிர்ச்சி வெற்றிகளுக்கு இவ்விதி ஒரு முக்கியக் காரணம். 1974இல் எப்பிங்கன் ஹாம்பர்க் அணியை 2–1 என வென்றது. 1984இல் அதே ஹாம்பர்க்கைக் கைஸ்லிங்கன் 2–0 என வென்றது. 1990இல் வைன்ஹைம் பேயர்ன் மியூனிக்கை 1–0 என வீழ்த்தியது. கோப்பைக்குத் தனி விதிகள் உண்டு என்பது ஜெர்மன் கால்பந்துப் பேச்சில் தேய்ந்துபோன தொடராகவே ஆகிவிட்டது.

1994–95 பருவத்தின் முதல் சுற்றில் கிராய்த்துக்கு வாய்த்த எதிரணி, நடப்பு வாகையாளரான பேயர்ன். அப்பருவத்தில்தான் மூன்றாம் நிலையாக நான்கு வட்டார லீக்குகள் அமைக்கப்பட்டிருந்தன. கிராய்த் அவற்றுள் தெற்கு லீக்கில் இடம்பெற்றிருந்தது. உள்ளூர்த் திடல் இவ்வளவு பெரிய கூட்டத்தைத் தாங்காது என்பதால் ஆட்டம் நூரன்பெர்க் நகரின் பெரிய விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. எனவே சிற்றூரின் மிகப் பெரிய வெற்றி அச்சிற்றூரில் நிகழவில்லை. ஜொவான்னி ட்ராபட்டோனி பேயர்ன் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின் நடந்த முதல் அதிகாரமுறை ஆட்டம் அது. புதிதாக வந்த ஆலிவர் கான் கோல் காத்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், இடைவேளைக்குச் சற்று முன் ரோலண்ட் ஸ்டைன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் சென்றது. பயிற்சியாளர் பவுல் ஹெசல்பாக்கின் அணி எஞ்சிய நேரம் முழுவதும் தற்காத்து நின்று 1–0 என வென்றது. அடுத்த சுற்றில் ஹோம்பூர்க் அணியையும் வீழ்த்திய கிராய்த், மூன்றாம் சுற்றில் வோல்ஃப்ஸ்பூர்க்கிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. அந்த வோல்ஃப்ஸ்பூர்க் அவ்வாண்டு இறுதியாட்டம் வரை சென்றது.

உச்சரிக்கவே கடினமான ஊர்ப்பெயர் நாடெங்கும் ஒலித்தது. ஆயினும் இவ்வெற்றியின் மெய்யான விளைவை ஊர்ப்பெருமையில் தேடுவதை விட, அது புலப்படுத்திய எல்லையில் தேடுவது பொருந்தும். பெரிய ஆட்டம் ஒன்று வந்தால் கூட்டத்தை அமர்த்த வேறு நகரத்தின் அரங்கு வேண்டும். இரண்டாம் பூண்டஸ்லிகாவுக்கு ஏறினாலோ அந்நிலை இரு வாரங்களுக்கு ஒருமுறை வரும். தொழில்முறைக் கால்பந்தின் உரிமம் அரங்கின் அளவையும் நிதிநிலையையும் ஆராய்ந்தே வழங்கப்படுவது. பணம் இருந்தது, அணி இருந்தது, நிர்வாகத் திறன் இருந்தது. ஊர் மட்டும் போதவில்லை.

இணைப்பு

போதாமையின் மறுபாதி ஃபூர்த்தில் இருந்தது. 1991இல் பவேரிய லீக்குக்குத் திரும்பி, 1994இல் கிராய்த்துடன் சேர்ந்தே வட்டார லீக்குக்கு வந்த அச்சங்கத்திடம் மூன்று வாகைகளின் நினைவும், 1910 முதல் ரோன்ஹோஃப் என்னும் திடலும், ஒரு லட்சம் பேர் வாழும் நகரமும் இருந்தன, பணம் இல்லை. இரு பருவங்கள் ஒரே லீக்கில் எதிரெதிராக ஆடிய இரு சங்கங்களும் ஒன்றாவது என முடிவாயிற்று.

இணைப்பு நிகழ்ந்த முறை கவனிக்கத்தக்கது. இரு சங்கங்களையும் கலைத்து மூன்றாவதாக ஒன்றைத் தோற்றுவிக்கவில்லை. 1996 சூலை 1 அன்று டி.எஸ்.வி.யின் கால்பந்துப் பிரிவு ஃபூர்த் சங்கத்தில் சேர்ந்தது. ஃபூர்த் சங்கம் தன் பெயரை கிராய்த்தர் ஃபூர்த் என மாற்றிக்கொண்டது. சட்ட நோக்கில் ஃபூர்த் சங்கம் அறுபடாமல் தொடர்ந்தது. எனவே தோற்ற ஆண்டு இன்றும் 1903தான். 1914, 1926, 1929 வாகைகளும் அதற்கே உரியவை. 1974 என்னும் ஆண்டு எந்தச் சின்னத்திலும் ஏறவில்லை. அதேவேளை புதிய சங்கத்தின் தலைவரானவர் கிராய்த்தின் ஹெல்முட் ஹாக்; 2018 வரை அவரே அப்பொறுப்பில் இருந்தார். வரலாறு நகரத்துக்கும் நிர்வாகம் சிற்றூருக்கும் எனப் பங்கீடு நடந்தது என்று கூறினால் அது சற்றே கூர்மையான கூற்று; பிழையான கூற்று அன்று.

விளையாட்டு நோக்கில் இணைப்பு உடனே பலித்தது. 1997இல் இரண்டாம் பூண்டஸ்லிகா; 2012இல் அதன் வாகை சூடிப் பூண்டஸ்லிகா. முதல்தரப் பருவமோ கசப்பானது: ஓர் உள்ளூர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் பருவத்தை முடித்த முதல் பூண்டஸ்லிகா அணி என்னும் பதிவு அதற்குக் கிட்டியது. 2021இல் மீண்டும் ஏறி மறுஆண்டே இறங்கியது. ஆயினும் 1987இல் நான்காம் நிலையில் கிடந்த சங்கம், இணைந்த பின் நெடுங்காலம் தொழில்முறைக் கால்பந்தை விட்டு இறங்கவே இல்லை என்பதை மறுப்பதற்கில்லை.

ஒப்பீட்டுக்கு ஹோஃபன்ஹைம் உதவும். மூவாயிரம் பேர் கொண்ட அவ்வூரின் சங்கத்தை, தன் இளமையில் அங்கு ஆடிய மென்பொருள் தொழிலதிபர் டீட்மார் ஹோப் பெரும்பணம் கொண்டு வளர்த்தார். 2005இல் சாண்ட்ஹவுசன், வால்டார்ஃப் சங்கங்களோடு இணைந்து ஹைடல்பெர்க் நகரின் பெயரில் புதிய சங்கம் காணும் திட்டம் எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஹோஃபன்ஹைம் தன் பெயரோடே 2008இல் பூண்டஸ்லிகாவுக்குச் சென்றது; அரங்கு மட்டும் அருகிலுள்ள சின்ஸ்ஹைமில் எழுந்தது. கிராய்த்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஊர்ப்பற்றின் அளவில் இல்லை, பணத்தின் அளவில் உள்ளது. அரங்கையே கட்டித்தர வல்ல கொடையாளர் இருந்த ஊர் பெயரைக் காத்துக்கொண்டது. அணியை மட்டும் தாங்க வல்ல ஆலை இருந்த ஊர் பெயரைப் பகிர்ந்துகொண்டது.

கிராய்த்தர் என்னும் பெயரடை

கிராய்த் என்பது காடு வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அவ்வட்டாரத்தில் இவ்விகுதி பெற்ற ஊர்கள் பல. ஃபூர்த் என்பது ஆற்றைக் காலால் கடக்கும் துறை. ஜெர்மன் மொழியில் ஊர்ப்பெயரோடு அர் விகுதி சேர்ந்தால் அவ்வூருக்கு உரிய என்னும் பெயரடை ஆகும். இலக்கணப்படி நோக்கினால் கிராய்த்தர் ஃபூர்த் என்பது கிராய்த்துக்கு உரிய ஃபூர்த் என்றே பொருள்தரும். ஒரு லட்சம் பேர் வாழும் நகரம் சில நூறு பேர் வாழும் ஊரின் உடைமையாகத் தோற்றம் தரும் இப்பெயர், ஃபூர்த் ரசிகருள் ஒரு பகுதியினருக்கு உவப்பாக இருந்ததில்லை. பழைய பெயரை மீட்க வேண்டும் என்னும் கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. சட்டப்படி பெயரும் சங்க விதிகளின் பகுதியே. விதியைத் திருத்த, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் உடன்பட வேண்டும். பெயரடையைக் காத்து நிற்பது 1900ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்த எண்தான் என்று கூறினும் பெரிதும் தவறாகாது.

இவ்விவாதத்தில் திடலின் பெயர் பற்றிய எதிர்ப்பு ஒப்பீட்டளவில் மெல்லியது என்பது சிந்திக்கத்தக்கது. ரோன்ஹோஃப் 1997 முதல் ஒரு பொம்மை நிறுவனத்தின் பெயரிலும், பின்னர் ஒரு மிட்டாய் நிறுவனத்தின் பெயரிலும் வழங்கியது. விளம்பரப் பெயர் ஒப்பந்தம் முடிந்தால் உதிர்ந்துவிடும் என்பதை அனைவரும் அறிவர். கிராய்த்தர் என்னும் சொல் விளம்பரமன்று. அது ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ஓர் ஊரின் பெயரைச் சொல்கிறது. ஊர்ப்பெயர் ஊர்ப்பெயரோடு மோதுவதால்தான் உரசல் நீடிக்கிறது. கிராய்த் தரப்பில் இழப்பு வேறு வகையானது. ஃபூர்த் ரசிகர் ஒரு சொல் கூடிவிட்டதாகக் குறைப்படுகின்றனர். சிற்றூருக்கோ அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் எஞ்சவில்லை.

இணைப்புக்குப் பின் சில காலம் கிராய்த்தர் ஃபூர்த் சங்கத்தின் இரண்டாம் அணி சிற்றூரின் திடலில் தன் ஆட்டங்களை ஆடியது. 2005 வரை ஜெர்மனியின் தொழில்முறைச் சங்கங்களுடைய இரண்டாம் அணிகள் அமெச்சூர்கள் என்னும் பெயரிலேயே அட்டவணைகளில் இடம்பெற்றன. அப்பருவங்களில் கிராய்த் திடலில் இறங்கியவர்களுள் பெரும்பாலோர், ரோன்ஹோஃபில் இடம்பிடிக்கக் காத்திருந்த இளைஞர்கள்.